சிப்பி உதட்டில் ஒரு குருணை

எங்கள் யானைக்கவுனியில் யானையும் இல்லை, கவுனியும் இல்லை. ஹைதர் அலியின் படை வந்து மிரட்டிவிட்டுப் போன பிறகு, 1770 வாக்கில், கறுப்பர் பட்டணத்தைச் சுற்றிக் கும்பினிக்காரர்கள் மதில் எழுப்பினார்கள். அந்த மதிலில் வைத்த வாசல்களில் ஒன்றுதான் எங்கள் பேட்டைக்குப் பெயர் கொடுத்தது. மதிலுக்காக ஜனங்கள் மீது வரி போட நினைத்தது வால்டாக்ஸ் ரோடு என்ற பெயரில் தங்கிவிட்டது. மதில் போய்விட்டது, வாசலும் போய்விட்டது. பஸ் கண்டக்டர் மட்டும் இன்றைக்கும் "யானைக்கவுனி எறங்கு" என்று குரல் கொடுக்கிறார்.

பெயர் நிலைத்து, பெயருக்குரிய பொருள் காணாமல் போவது எங்களுக்குப் பழகிய சங்கதி. அதனால்தானோ என்னவோ, பெயர் மட்டும் இருந்து வீட்டு விலாசம் இல்லாத ஒரு கடல் நத்தைக் கூட்டத்தின் கதை என்னை ரொம்ப வருஷமாக விடாமல் பிடித்துக்கொண்டிருக்கிறது. அரிசிக் குருணை அளவுகூட இல்லாத நத்தை அது. சிப்பியின் ரத்தத்தைக் குடித்து உயிர் வாழ்கிறது. அதன் சரித்திரத்தைச் சொல்வதற்கு முன்னால் நான் செய்த ஒரு தப்பைச் சொல்லிவிட வேண்டும்.

1974ஆம் வருஷம். வடசென்னையில் ஒரு பள்ளிக்கூடத்தில் நான் அறிவியல் வாத்தியார். மாவட்டக் கண்காட்சிக்காக "நம் கடற்கரை உயிர்கள்" என்று ஒரு மேஜை போடுவதாக ஏற்பாடு. ஒரு சனிக்கிழமை காலை 12 பையன்களைக் கூட்டிக்கொண்டு பேசின் பிரிட்ஜில் பாசஞ்சர் வண்டி ஏறினேன். கொருக்குப்பேட்டை, தண்டையார்பேட்டை, திருவொற்றியூர் தாண்டி எண்ணூரில் இறங்கினோம். அனல்மின் நிலையம் வந்து நாலு வருஷம் ஆகியிருந்தது. புகைபோக்கியைப் பார்த்துப் பையன்கள் வாயைப் பிளந்தார்கள். முகத்துவாரத்தில் அப்போது தண்ணீர் தெளிவாகத்தான் இருந்தது. கற்களிலும் பாலத்தூண்களிலும் சிப்பி கொத்துக்கொத்தாக ஒட்டியிருக்கும். இரும்புக் கம்பியால் பெயர்த்துக்கொண்டிருந்த ஒரு பெரியவர் எங்களுக்கும் ஒரு வாளி நிறையக் கொடுத்தார். காசு கொடுத்தபோது, "புள்ளைங்க படிக்கத்தான வாத்யாரே, வேணாம் போ" என்று சொல்லிவிட்டார்.

பள்ளிக்கூடத்து லேபில் வாளியைக் கொட்டினோம். அங்கே அட்டெண்டராக இருந்தவரை நாங்கள் எல்லோரும் நைனா என்றுதான் கூப்பிடுவோம். நைனா தேங்காய் நார் எடுத்துத் தேய்க்க, நான் பிரஷ் எடுத்துத் தேய்த்தேன். உயிரோடு இருந்த சிப்பிகளின் உதட்டில், அதாவது மேல் ஓடும் கீழ் ஓடும் சேரும் விளிம்பில், இரண்டு மூன்று வெள்ளைக் குருணை ஒட்டியிருந்தது. ஒரு சிப்பியில் மட்டும் அல்ல, பலதிலும்.

ஏழாம் வகுப்புப் பையன் ஒருவன் குனிந்து பார்த்துவிட்டு, "சார், இது என்ன சார்? அசையுது" என்றான்.

"மணல்டா. தண்ணி வடியுதுல்ல, அதான் அசையுற மாதிரி தெரியுது" என்றேன். அவன் இன்னொரு தரம் பார்த்தான். மறுபடி கேட்கவில்லை. வாத்தியார் சொல்லிவிட்டால் அப்புறம் ஏது கேள்வி? நான் எல்லாவற்றையும் கழுவித் தொட்டியில் கொட்டினேன். பளபளவென்று ஒன்பது சிப்பிகள் மேஜை ஏறின. இரண்டாம் பரிசும் கிடைத்தது.

பத்துப் பன்னிரண்டு வருஷம் கழித்து, ஒரு கல்லூரி நூலகத்தில் வேறு எதையோ தேடும்போது, ஆங்கிலேய விலங்கியல் நூல் ஒன்றில் ஒரு படத்தைப் பார்த்தேன். சிப்பியின் விளிம்பில் நெல் நுனி போன்ற நத்தை உட்கார்ந்திருக்கிறது. மெல்லிய குழாய் ஒன்று அதன் தலையிலிருந்து கிளம்பிச் சிப்பிக்குள் போகிறது. அந்தப் பையன் குனிந்து பார்த்த காட்சி அப்படியே கண்முன் வந்தது. அவன் சொன்னதுதான் சரி. அது அசைந்தது. நான் கழுவிக் கொட்டியது மணல் இல்லை.

இந்தக் கட்டுரை ஐம்பது வருஷம் தாமதமாக அவனுக்கு நான் சொல்லும் பதில்.

அந்த நத்தைக் குடும்பத்தில் பெயர்பெற்ற பேரினம் ஒடோஸ்டோமியா. 1813ல் ஜான் பிளெமிங் என்ற ஸ்காட்லாந்துக்காரர் வைத்த பெயர். பாதிரியார், இயற்கை ஆராய்ச்சியாளர். கிரேக்க மொழியில் "பல்வாய்" என்று பொருள். ஓட்டின் வாய்ப்பகுதியில், நடுத்தண்டிலிருந்து ஒரு சின்ன மேடு பல்போல நீட்டிக்கொண்டிருக்கும். அதைப் பார்த்து வைத்தது.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. பொதுவாக நத்தைகளுக்கு நாக்கில் அரம்போல நூற்றுக்கணக்கான பற்கள் இருக்கும். தோட்டத்தில் கீரையை அரித்துத் தின்கிறதே, அது இந்த அரநாக்கால்தான். ஒடோஸ்டோமியாவுக்கு அது அறவே கிடையாது. பல்வாய் என்று பெயர் வாங்கிய பிராணிக்கு வாயில் பல்லே இல்லை. பெயர் வைத்தவர் ஓட்டைப் பார்த்தார், உள்ளே இருந்த உயிரைப் பார்க்கவில்லை. இந்த நத்தைகளின் சரித்திரம் முழுக்க இதே கதைதான் திரும்பத் திரும்ப வரும்.

பல் இல்லாமல் எப்படிச் சாப்பிடுகிறது? உறிஞ்சுகுழல் ஒன்றைத் தலைக்குள் மடக்கி வைத்திருக்கிறது. சிப்பி மூச்சுவிடத் திறக்கும் நேரம் பார்த்து, அந்தக் குழலை வெளியே நீட்டுகிறது. நீட்டினால் தன் உடம்பைவிட நீளமாகவும் போகும். குழலின் முனையில் ஒட்டிக்கொள்ள ஒரு உறிஞ்சான். அதன் நடுவே ஊசி. ஊசியால் சதையைக் குத்தி, தொண்டையில் இருக்கும் பம்பால் ரத்தத்தை இழுக்கிறது. கொசு செய்கிற வேலைதான். சிப்பி சட்டென்று மூடிக்கொண்டால் நத்தை குழலைச் சுருக்கிக்கொண்டு காத்திருக்கும். மறுபடி திறக்காமலா போய்விடும்?

இன்னொரு விசேஷம், நம்மவர்களுக்குப் பிடித்தமானது. வலம்புரிச் சங்கு என்றால் நமக்குத் தனி மரியாதை. 1914ல் மதராஸ் மீன்வளத் துறையின் ஜேம்ஸ் ஹார்னெல் நம் சங்கைப் பற்றித் தனி நூலே எழுதினார். ஆனால் சங்கை நாம் பிடிக்கும் முறை வேறு, விஞ்ஞானிகள் பிடிக்கும் முறை வேறு. அவர்கள் சுருளின் கூர்நுனி மேலே இருக்கும்படி நிறுத்தி, வாய் வலப்பக்கம் இருந்தால் வலச்சுற்று என்பார்கள். சாதாரணச் சங்கெல்லாம் அந்தக் கணக்கில் வலச்சுற்று. நாம் தலைகீழாகப் பிடிப்பதால், அவர்கள் இடச்சுற்று என்று சொல்லும் அபூர்வச் சங்குதான் நமக்கு வலம்புரி.

ஒடோஸ்டோமியாக் குடும்பத்தில் ஒவ்வொரு நத்தையும் குஞ்சாக இருக்கும்போது வலம்புரி. கடலில் மிதந்து திரிந்த பிறகு ஒரு கட்டத்தில் சுற்றும் திசையை மாற்றிக்கொண்டு, மீதி ஓட்டைச் சாதாரணச் சங்குபோல இடம்புரியாகக் கட்டுகிறது. லென்ஸ் வைத்துப் பார்த்தால் கோபுரத்தின் உச்சியில் கலசம் ஒருக்களித்துப் படுத்திருப்பது தெரியும். அதுதான் குழந்தைப்பருவத்து வலம்புரி. கிடைப்பதற்கரியது என்று நாம் லட்சக்கணக்கில் விலை பேசுவதை இந்தக் குருணை தன் தலையில் சர்வசாதாரணமாகச் சுமந்துகொண்டிருக்கிறது.

சரி, இவ்வளவு விசேஷமுள்ள பிராணியின் வாழ்க்கை ஏன் இத்தனை காலம் தெரியாமல் இருந்தது?

சேகரித்த முறையைச் சொன்னால் காரணம் விளங்கும். 19ஆம் நூற்றாண்டில் சங்கு, கிளிஞ்சல் சேர்ப்பது துரைமார்களுக்கும் அவர்கள் வீட்டுப் பெண்களுக்கும் பெரிய மோகம். பெரியது எல்லோருக்கும் கிடைத்துவிடும். சிறியதைப் பிடிக்க ஒரு வழி இருந்தது. அலை ஒதுக்கிய மணலை ஒரு கைப்பிடி அள்ளி, காயவைத்து, தாளில் பரப்பி, லென்சும் ஊசியுமாக உட்கார்ந்து பொறுக்க வேண்டும். அரிசியில் கல் பொறுக்கிய நம் பாட்டிமார் கண்ணைக் கட்டிக்கொண்டு செய்திருப்பார்கள். அப்படிப் பொறுக்கிய ஓடுகள் எல்லாம் செத்தவை, காலியானவை. எந்தச் சிப்பியின் உதட்டிலிருந்து உதிர்ந்தது என்ற தகவல் அலையோடு போயிற்று.

நம் கடற்கரைச் சங்குகளுக்கும் இதே கதிதான். 1898ல் மெல்வில், ஸ்டாண்டன் என்ற இருவர் மதராஸ் கடற்கரையின் சங்கு, சிப்பிகளைப் பற்றி ஒரு பட்டியல் வெளியிட்டார்கள். இருவரும் இங்கிலாந்தில் மான்செஸ்டரைச் சேர்ந்தவர்கள். பெட்டியில் போனது ஓடு. பட்டியலில் வந்தது பெயர்.

1916ல் எச். பி. பிரஸ்டன் என்பவர் எண்ணூர், கொச்சிக் காயல்களின் சிப்பி, நத்தைகளைப் பற்றி ஓர் அறிக்கை எழுதினார். கல்கத்தா இந்திய அருங்காட்சியகத்தின் ஏட்டில் அது வந்தது. நான் வாளியில் அள்ளிவந்தேனே, அந்தச் சிப்பிக்கு "மதராசென்சிஸ்" என்று நம் ஊர்ப் பெயரை வைத்தவர் அவர்தான். அந்தப் பெயரில்தான் நாங்கள் படித்தோம், பிறகு சொல்லியும் கொடுத்தோம். எண்ணூர்க் கழிமுகத்தில் சுண்ணாம்புக்காகவும் குழம்புக்காகவும் காலங்காலமாகப் பெயர்த்த சிப்பி, ஊர்ப் பெயரோடு உலகப் பட்டியலில் ஏறியது. பழைய பட்டணத்து வீடுகளின் சுவர் கண்ணாடிபோல மின்னியது கிளிஞ்சல் சுண்ணாம்பால்தான் என்பது என் வயதுக்காரர்களுக்குத் தெரியும்.

பிறகு வந்தவர் கிரேவ்லி. 1920 முதல் 1940 வரை எழும்பூர் அருங்காட்சியகத்தின் தலைவர். நடராஜர் சிலைகளைப் பார்க்க அங்கே போனவர்களுக்கு, டி. என். ராமச்சந்திரனோடு சேர்ந்து 1932ல் இவர் எழுதிய செப்புத்திருமேனி நூல் தெரிந்திருக்கும். அதே மனிதர் மதராஸ் கடற்கரையில் ஒதுங்கும் கிளிஞ்சல், நண்டோடு, எலும்புத் துண்டு எல்லாவற்றையும் வகைப்படுத்தி எழுதினார் என்பது பலருக்குத் தெரியாது. முதல் பகுதி 1941ல் வந்தது. நத்தை, சங்குகளுக்கான இரண்டாம் பகுதி 1942ல். அந்த வருஷம் ஏப்ரலில் ஜப்பான்காரன் குண்டு போடப்போகிறான் என்று பட்டணமே காலியானதை என் அப்பா கதையாகச் சொல்வார். யானைக்கவுனியில் தெருவுக்கு இரண்டு வீட்டில்தான் விளக்கு எரிந்ததாம். ஊர் அப்படிக் கிடந்த வருஷத்தில் கடற்கரை நத்தைகளுக்கு ஒரு புத்தகம் அச்சாகி வந்திருக்கிறது. இன்றைக்கும் மெரினாவில் பொறுக்கிய சங்குக்குப் பெயர் கண்டுபிடிக்க வேண்டுமென்றால் அந்தப் புத்தகத்தைத்தான் புரட்டுகிறார்கள்.

ஆனாலும் அதன் தலைப்பே "கடற்கரையில் கண்டெடுத்த" என்றுதான் இருக்கிறது. கரையில் கண்டெடுத்தது என்றால் வீட்டைவிட்டு வெளியே வந்துவிட்ட பொருள். நான் குறை சொல்லவில்லை. அவராவது பொறுக்கி வைத்தார். நான் உயிரோடு இருந்ததையே கழுவிக் கொட்டியவன்.

உயிரோடு பார்த்தவர்கள் பட்ட பாடு தனிக்கதை. 1851ல் பெர்லின் பேராசிரியர் யோஹானஸ் முல்லர் இத்தாலிப் பக்கம் டிரியஸ்ட் கடலில் கடல் அட்டைகளை அறுத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்தக் காலத்து ஐரோப்பாவில் உடற்கூறு சாஸ்திரத்துக்கு அவர்தான் குரு. ஓர் அட்டையின் வயிற்றுக்குள் ஒரு நீளக் குழாய். குழாய்க்குள் முட்டைகள். முட்டைக்குள் ஓட்டோடு கூடிய நத்தைக் குஞ்சுகள். அவருக்குத் தலை சுற்றியது. அட்டை எப்படி நத்தையைப் பெறும்? ஒரு ஜாதிப் பிராணி இன்னொரு ஜாதியைப் பெற்றெடுக்கிறதா என்ற சந்தேகம் அவரைப் போட்டு ஆட்டியது. 1852ல் அதை நூலாகவே எழுதினார். பிறகுதான் தெளிந்தது. அந்தக் குழாய் அட்டையின் உறுப்பு இல்லை. அதுவே நத்தை. அட்டைக்குள் புகுந்து, ஓடு, கண், கால் எல்லாவற்றையும் துறந்து, முட்டை போடும் பையாக மாறிவிட்ட நத்தை. குஞ்சுகளுக்கு மட்டும் ஓடு இருந்ததால்தான் குட்டு வெளிப்பட்டது.

இது ஒடோஸ்டோமியாவின் குடும்பம் அல்ல, வேறு குடும்பம். தொழில் மட்டும் ஒன்று. நட்சத்திர மீன், கடல் அட்டை, முள்ளெலி இவற்றின் மேல் பிழைக்கும் கூட்டம் அது. நமக்குப் பக்கத்திலேயே அதைப் பார்த்தவர்கள் உண்டு. பாசல் நகரத்துப் பால் சராசின், பிரிட்ஸ் சராசின் என்ற இரண்டு உறவினர்கள் 1880களில் இலங்கையில் தங்கி ஆராய்ந்தார்கள். நட்சத்திர மீன் மேல் வாழும் இரண்டு ஒட்டுண்ணி நத்தைகளை 1887ல் படத்தோடு விவரித்தார்கள். ஒன்று தோலின் மேல் தொப்பிபோல ஒட்டியிருப்பது. மற்றது தோலுக்குள் புதைந்து, மூச்சுவிட ஒரு சின்ன ஓட்டை மட்டும் வெளியே வைத்திருப்பது. அவர்கள் நட்சத்திர மீனைப் பிரஷ் போட்டுத் தேய்க்கவில்லை. அதனால் பார்த்தார்கள்.

ஒடோஸ்டோமியாவின் மர்மத்தை முழுசாக விளக்கியது 1949ல். வேரா பிரெட்டர், அலஸ்டர் கிரகாம் என்ற இரு பிரிட்டிஷ் விலங்கியலாளர்கள். பெயர் வைத்து 136 வருஷம் ஆகியிருந்தது. அதற்குள் எத்தனையோ பேர் எத்தனையோ இனங்களுக்குப் பெயர் சூட்டிவிட்டார்கள். இவர்கள் இரண்டு வேலை செய்தார்கள். நத்தையை மெல்லிய வில்லைகளாக அறுத்துக் குழல், ஊசி, பம்பு எல்லாம் எப்படி அமைந்திருக்கிறது என்று பார்த்தார்கள். அதோடு, உயிருள்ள நத்தையை அதன் ஓம்புயிரியோடு கண்ணாடித் தொட்டியில் விட்டு, பொறுமையாகக் கவனித்தார்கள். சில இனங்கள் சிப்பி விளிம்பில் உட்காருகின்றன. சில, பாறையில் சுண்ணாம்புக் குழாய் கட்டி வாழும் புழுவின் வாசலில் காத்திருக்கின்றன. கண்ட இடத்தில் கண்டதைக் குடிப்பதில்லை. ஒவ்வொன்றுக்கும் இன்ன ஓம்புயிரி என்று ஒரு கணக்கு.

இதற்குப் பிறகு இந்தக் குடும்பத்தின் இடமே மாறியது. கடல் நத்தைகளோடு நத்தையாக வைத்திருந்ததைப் பிரித்து வேறு கிளையில் சேர்த்தார்கள். இந்த நூற்றாண்டில் மரபணு பார்த்தவர்கள், மழைக்காலத்தில் நம் வீட்டுச் சுவர் ஏறும் தரை நத்தைக்கு இது கிட்டத்து உறவு என்கிறார்கள். உலகம் முழுக்க இந்தக் குடும்பத்தில் ஆயிரக்கணக்கான இனங்களுக்குப் பெயர் இருக்கிறது. அவற்றில் யார் யாரிடம் குடியிருக்கிறார்கள் என்று தெரிந்தது கொஞ்சமே. மீதியெல்லாம் யானைக்கவுனி மாதிரிதான், பெயர் மட்டும்.

ஒட்டுண்ணி என்றால் நம் பேச்சில் திட்டு. உழைக்காமல் அடுத்தவன் ரத்தத்தைக் குடிப்பவன் என்று மேடையில் பேசுவோம். நானே வகுப்பில் அப்படித்தான் சொல்லிக் கொடுத்தேன். வயதான பிறகு கொஞ்சம் வேறு மாதிரி தோன்றுகிறது. இயற்கையான பாறையில் ஒரு சிப்பிக்கு இரண்டு மூன்று குருணை இருந்தால் சிப்பி சாவதில்லை. செத்தால் குருணைக்கும் பிழைப்பு இல்லை. மனுஷன் பண்ணை போட்டு நெருக்கியடித்து வளர்க்கும் இடத்தில்தான் தொல்லை. அமெரிக்காவில் சிப்பி வளர்ப்பவர்களும், பசிபிக் தீவுகளில் ராட்சத மட்டி வளர்ப்பவர்களும் இந்தக் குடும்பத்து நத்தைகளால் குஞ்சுகளை இழந்திருக்கிறார்கள். ஒண்டுக்குடித்தனத்தில் ஒருவருக்கு வந்த சளி எல்லோருக்கும் வருவதுபோல. எங்கள் பேட்டையில் அது நன்றாகத் தெரியும்.

இன்னொன்றும் உண்டு. ஒட்டுண்ணி இருக்கிறது என்றால் ஓம்புயிரி இருக்கிறது என்று அர்த்தம். ஓம்புயிரி இருக்கிறது என்றால் அது ஒட்டிக்கொள்ளக் கல்லும், குடிக்க நல்ல தண்ணீரும், தின்னப் பாசியும் இருக்கிறது என்று அர்த்தம். கடைசிப் பந்தியில் உட்காருகிறவனுக்கும் இலையில் சோறு விழுகிறது என்றால் கல்யாண வீட்டில் குறையில்லை என்று சொல்வோமே, அந்த மாதிரி. சாப்பாடு குறைந்தால் முதலில் எழுந்து போகிறவனும் அவன்தான். அவன் போனதை யாரும் கவனிப்பதில்லை.

நம் வடகரையில் பந்தி எப்படிக் குறைந்தது என்று இதைப் படிப்பவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. 1875ல் துறைமுகத்துக்கு அடிக்கல் நாட்டினார்கள். 1881ஆம் வருஷப் புயல் கட்டியதை உடைத்தது. மறுபடி கட்டினார்கள். தெற்கிலிருந்து வடக்கே நகரும் மணலை அந்தச் சுவர் தடுத்தது. தெற்கே மெரினா அகலமானது. வடக்கே ராயபுரம், தண்டையார்பேட்டை, திருவொற்றியூர்க் கரையைக் கடல் தின்றது. நான் பையன்களோடு கிளிஞ்சல் பொறுக்கிய மணல்கரையில் பல இடம் இன்று கருங்கல் கொட்டிய சுவர். கோயில், வீடு, தெரு என்று கடலுக்குள் போனவற்றைப் பெரியவர்கள் விரல் நீட்டிக் காட்டுவார்கள். எண்ணூர்க் கழிமுகத்தில் சாம்பல் சேர்ந்தது. 2017 ஜனவரி 28 அதிகாலை எண்ணூர்த் துறைமுகத்துக்கு வெளியே இரண்டு கப்பல்கள் மோதி எண்ணெய் கொட்டியதும், பிள்ளைகள் வாளி வாளியாகக் கையால் அள்ளியதும் எல்லோரும் டிவியில் பார்த்ததுதான். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு கழிமுகத்திலேயே எண்ணெய் பரவியது. படகு, வலை, சதுப்பு மரம் எல்லாவற்றிலும் கறுப்பு.

அதற்கு மூன்று மாதம் கழித்து, என் பேத்தியைக் கூட்டிக்கொண்டு எண்ணூர் போனேன். அவள் கல்லூரியில் விலங்கியல் படிக்கிறாள். "தாத்தா, அம்பது வருஷத்துக்கு முன்னாடி பண்ண தப்புக்கு இப்ப என்னை வெயில்ல நிக்க வைக்கிற" என்று சிரித்துக்கொண்டே வந்தாள். பாலத்தூணில் ஒரு கோடு போட்டதுபோலக் கறுப்பு இன்னும் இருந்தது. கோட்டுக்குக் கீழே சிப்பி இருந்தது. சந்தோஷமாகவும் இருந்தது, சங்கடமாகவும் இருந்தது.

இடுப்பளவு தண்ணீரில் இறால் தடவிக்கொண்டிருந்த ஓர் அம்மா, நாங்கள் சிப்பியைப் பெயர்ப்பதைப் பார்த்துவிட்டு, "ஐயா, துன்றதுக்கா? வேணாம். எண்ண நாத்தம் அடிக்கும்" என்றார்.

"தின்ன இல்லம்மா, பாக்கத்தான். சிப்பி வாயில வெள்ளையா குருணை மாதிரி ஒண்ணு ஒட்டிக்கினு இருக்குமே, பாத்திருக்கீங்களா?"

கொஞ்சம் யோசித்தார். "முன்ன இருக்கும். சிப்பிய ஒடைக்கசொல்ல கையில ஒட்டும். ஊதி வுட்டா பூடும். இப்ப யாரு சிப்பி ஒடைக்கிறா?"

நான் பின்னால் புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொண்டது அவருக்குக் கைவிரலில் தெரிந்திருக்கிறது. ஆங்கிலேயப் பட்டியலிலும் கல்கத்தா ஏட்டிலும் அந்த விரல்கள் தெரிந்துவைத்திருந்த விஷயம் ஏறவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பார்கள். 1974ல் எனக்கு வாளி நிறையக் கொடுத்த பெரியவரிடம் நானும் கேட்கவில்லை.

பேத்தி செல்போனில் ஒரு லென்சைப் பொருத்திக்கொண்டு 20 சிப்பிகளை விளிம்பு விளிம்பாகப் பார்த்தாள். மணல் இருந்தது. குட்டி பர்னக்கிள் இருந்தது. குருணை இல்லை. பார்த்த சிப்பிகளை இருந்த இடத்திலேயே வைத்துவிட்டோம்.

"ஒண்ணும் இல்ல தாத்தா. போலாமா?"

"இல்லங்கிறதையும் எழுதிக்கோம்மா. தேதி, இடம், எத்தனை சிப்பி, எத்தனை குருணை."

நோட்டில் எழுதினாள். எண்ணூர், ரயில் பாலம், சிப்பி 20, குருணை 0. ஒரு நாள் பார்த்ததை வைத்து எதுவும் முடிவு கட்ட முடியாது என்று அவளே எனக்குப் பாடம் சொன்னாள். அடுத்த மாதம் மறுபடி போனோம். இப்போது அவளுடைய தோழிகள் இரண்டு பேரும் வருகிறார்கள். யாரும் பிரஷ் எடுத்து வருவதில்லை.

எண்ணூர், காட்டுக்குப்பம், கத்திவாக்கம், பழவேற்காடு பக்கத்தில் சிப்பி உடைத்த அனுபவம் உள்ளவர்கள், உள்ளவர்களைத் தெரிந்தவர்கள் இதைப் படித்தால் எனக்கு ஒரு வரி எழுதுங்கள். அந்தக் குருணைக்கு உங்கள் பக்கம் என்ன பெயர்? எந்த மாதத்தில் அதிகமாக இருக்கும்? கடைசியாக எப்போது பார்த்தீர்கள்? 1974ல் அந்த லேபில் குனிந்து பார்த்த பையன் படித்தால், அவன் தவறாமல் எழுத வேண்டும். இப்போது அவனுக்கும் அறுபது தாண்டியிருக்கும்.